பிஸ்கட் பாக்கெட்டோடு திருத்தப் போனவர்கள்

எங்கள் சபையில் ஒருவர் இன்னொருவர் வீட்டுக்கு ஆப்பிள் பையும் பிஸ்கட் பாக்கெட்டுமாக வந்து நின்றால் வீட்டுக்காரருக்கு வயிற்றில் புளி கரையும். படுத்த படுக்கையாக யாராவது இருக்கும் வீடானால் பரவாயில்லை. எல்லோரும் திடமாக நடமாடும் வீட்டுக்கு அந்தப் பை வந்தால் யாரையோ அன்போடு திருத்தப் போகிறார்கள் என்று அர்த்தம்.

அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சுகம் விசாரிப்பார்கள். பிறகு ஒரு பாட்டு, ஒரே ஒரு சரணம். பிறகு கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க, ஆவியானவர் எனக்கு ஒரு பாரம் குடுத்தாரு" என்று ஆரம்பிப்பார். இந்தப் பாரம் எப்போதும் அடுத்தவர் தலையில்தான் இறங்கும். பல வருடமாகச் சபைச் செயலாளராக இருக்கிறேன். தன்னைப் பற்றி ஒரு பாரம் வந்ததாகச் சொன்ன ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போகச் சோம்பல்படுகிறவர்கள் ஜெபத்திலேயே திருத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, எங்க நடுவுல டிவி சீரியலுக்கு அடிமையா இருக்கிற ஒரு சகோதரியை நினைச்சருளும், அவங்க வீட்டு கரண்ட் பில்லையும் நினைச்சருளும்" என்று உரக்கக் கேட்பார்கள். சீரியல் பார்க்கும் சகோதரி இரண்டு பாய் தள்ளி முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வார். மற்றவர்களுக்குக் கண்ணைத் திறந்து பார்க்காமல் இருப்பதே பெரிய உபவாசம். கடவுளிடம் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைக் குத்துவதற்கு எங்களை விட்டால் ஆள் இல்லை.

சபை மரக்காணத்தில்தான், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்துக்கு மண்பாதை பிரியும் இடத்தில், ஷீட் போட்ட கட்டடம். பெயர் சொல்ல மாட்டேன். யார் பெயரையும் சொல்ல மாட்டேன். இது நாகரிகம் என்று யாரும் நினைக்க வேண்டாம், பயம்தான். எழுதி முடிப்பதற்குள் அது ஏன் என்று தெரிந்துவிடும்.

தவறு செய்த சகோதரனை எப்படித் திருத்துவது என்று வசனத்தில் தெளிவாகவே இருக்கிறது. முதலில் நீ தனியாகப் போய் அவனிடம் சொல். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். இதைப் பற்றி எங்கள் பாஸ்டர் வருடத்துக்கு இரண்டு தடவையாவது பிரசங்கம் செய்வார். ஆனால் அந்த முதல் படியில் நாங்கள் யாரும் கால் வைத்ததில்லை. தனியாகப் போனால் நம்முடைய தாழ்மையைப் பார்க்க ஆள் வேண்டாமா? அதனால் நேராக இரண்டாவது படியில்தான் ஏறுவோம். அப்படிப் போகிற இரண்டு பேர் என்று பாஸ்டர் நியமித்தது என்னையும் சிமெண்ட் கடைக்காரரையும்.

கடைக்காரர் அழுவார். அதுதான் அவருடைய வரம். திருத்தப்படுகிறவர் அழுவதற்கு முன்னால் இவர் அழுதுவிடுவார், அவர்கள் பயந்துபோய் இவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். எனக்குக் குரல். வானூர்ப் பக்கம் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அத்தனை வருடம் மனுவோடு வந்தவர்களிடம் "இல்லை" என்பதைப் பணிவாகச் சொல்லிச் சொல்லி என் குரல் பதமாகிவிட்டது. "செயலாளர் ஐயா திட்டினாக்கூட வலிக்காது" என்று சபையில் பெருமையாகச் சொல்வார்கள். நானும் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். தலையைக் குனிவதிலும் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

அந்த வருடம் மழை விட்டு, பாத்திகளைச் சரிசெய்து, முதல் உப்பு வாரும் நாள் வந்தது. அன்றைக்கு உப்பளத்து முதலாளிகள் பூஜை போடுவார்கள். பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, வேலையாட்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார்கள். எங்கள் சபையிலும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு. பூஜை முடியும்வரை அவர்கள் வரப்பின் அந்தக் கோடியில் போய் நின்றுகொள்வார்கள், முதலாளிகளும் ஒன்றும் சொல்வதில்லை. இது ரொம்ப நாளாக நடக்கிற ஏற்பாடு.

அன்று சாயங்காலம் ஒரு முதலாளியின் மகன் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பூஜைப் படம் போட்டிருந்தான். அதில் எங்கள் சபைச் சகோதரர் ஒருவர் கையில் கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். இருபது வருடத்துக்கு மேல் உப்பளத்தில் பலகை இழுத்துக் கால் வெடித்துப்போனவர். பேச்சு ரொம்பக் குறைவு. அந்தப் படம் எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்வதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அனுப்பியவர் கீழே "ஜெபத்துக்காக மட்டும்" என்று எழுதியிருந்தார்.

மறுநாள் நானும் கடைக்காரரும் பிஸ்கட் பாக்கெட்டோடு போனோம். அவர் வீட்டில் ஆப்பிளுக்கும் நியாயம் இருந்தது. அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். வாசலை ஒட்டிய அறையில் கட்டிலில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. நாங்கள் சுகம் விசாரித்தோம். ஒரு சரணம் பாடினோம். பிறகு கடைக்காரர் செல்போனை எடுத்து நீட்டினார்.

"இது நீங்கதானே பிரதர்?"

"நான்தான்."

"கற்பூரம் காட்டுறீங்க."

"காட்டல பிரதர், புடிச்சேன். மொதலாளிக்கு சுகர், கை ஆடுது. தட்டு சாஞ்சிடுச்சு. பக்கத்துலயே போன வருஷத்து உப்புக் குவியல் இருக்குது, மேல பூரா காஞ்ச கீத்து. உழுந்தா பத்திக்கும். அதான் ஓடியாந்து புடிச்சேன். அவரு கையும் தட்டுலதான் இருக்குது, பாருங்க."

நான் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் வயதான ஒருவரின் நான்கு விரல்கள் தட்டைப் பிடித்தபடி தெரிந்தன. கடைக்காரரும் பார்த்தார். ஆனால் அவருக்கு அழுகை தொண்டைவரை வந்துவிட்டது, வந்த அழுகையை என்ன செய்வது?

"பொங்கல் குடுத்தாங்களா?" என்றார்.

"குடுத்தாங்க."

"படைச்சதா?"

"படைச்சதுதான்."

"சாப்பிட்டீங்களா பிரதர்?"

"சாப்ட்டேன். விடியறதுக்கு முன்ன வேலைக்குப் போனது. ரெண்டு தபா வாங்கிச் சாப்ட்டேன்."

கடைக்காரர் அழுதார். கட்டிலிலிருந்து அந்த அம்மா, "ஏங்க, அண்ணனுக்குத் தண்ணி குடுங்க" என்றார்.

இந்தக் கடைக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆயுத பூஜை அன்று அவருடைய இரண்டு லாரிகளின் சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கும். கேட்டால், டிரைவர் இந்து, நான் என்ன செய்ய முடியும் என்பார். டிரைவருக்குப் பொரியும் கடலையும் வாங்கக் காசு கொடுப்பதும், பிறகு அதே பொரியைக் கடையில் உட்கார்ந்து கொறிப்பதும் இவர்தான். அதைப் பற்றி ஆவியானவர் யாருக்கும் பாரம் கொடுத்ததில்லை. கடைக்காரர்தான் சபைக் கட்டடத்துக்கு சிமெண்ட் கொடுத்தவர்.

பாஸ்டருக்கு அறிக்கை எழுதியது நான். "விக்கிரக ஆராதனையில் பங்கு கொண்டதும், படைத்ததைப் புசித்ததும் விசாரணையில் தெரிய வருகிறது" என்று எழுதினேன். முதலாளியின் கை நடுங்கியதையும் நேர்மையாகக் குறிப்பிட்டேன், கடைசி வரியில், "என்று அவர் கூறுகிறார்" என்று முடித்து. அந்த ஒரு வார்த்தையால் ஒரு மனுவை எப்படிச் சாகடிக்கலாம் என்பது எழுத்தர் வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா?

எங்கள் சபையில் ஒழுங்கு நடவடிக்கை என்றால், திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது. கடைசி வரிசையில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். சபைக்கு முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டால்தான் மறுபடி பந்தியில் சேர்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர், "நம்ம நடுவுல ஒரு சகோதரன்" என்று பெயர் சொல்லாமல் அறிவித்தார். சபை முழுக்கத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், படுக்கையில் இருப்பவர்களுக்குப் பாஸ்டர் வீடு வீடாகத் திருவிருந்து கொண்டுபோவார். அப்பமும் திராட்சை ரசமும் சின்னச் சின்னக் கிண்ணங்களும் வைத்த பெட்டியை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். அன்றைக்கு அந்த வீட்டுக்கும் போனோம். புருஷன் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு கிண்ணத்தில் மட்டும் ஊற்றினேன்.

அந்த அம்மா கிண்ணத்தைப் பார்த்தார். "அவருக்கு?" என்றார்.

பாஸ்டர் எடுத்துச் சொன்னார். பத்து நிமிஷம் சொன்னார். சிட்சை என்பது அன்பு என்றார், தகப்பன் பிள்ளையை அடிப்பதில்லையா என்றார், இதைச் சொல்லும்போது தன் இருதயம் உடைகிறது என்றார். அவர் இருதயம் அன்று காலை ஆராதனையிலிருந்து அது வரைக்கும் நாலைந்து தடவை உடைந்திருக்கும்.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "அப்போ எனக்கும் வேணாம் பாஸ்டர்" என்றார். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "ஞானஸ்நானம் ஒண்ணாத்தான் எடுத்தோம். நான் போறதுக்கு முன்ன ஒரு தபா ரெண்டு பேரும் ஒண்ணா எடுக்கணும். அது ஒண்ணுதான் ஆசை. அவருக்குக் குடுக்கும்போது எனக்கும் குடுங்க."

"பிரதர், நீங்க சபையில ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டா முடிஞ்சுது" என்று பாஸ்டர் புருஷனைப் பார்த்தார்.

அவர் மனைவியைப் பார்த்தார், பிறகு பாஸ்டரைப் பார்த்தார். "தப்புன்னு தோணலியே பாஸ்டர். தோணாம எப்படிக் கேக்கறது? கர்த்தர் முன்னால பொய் சொன்ன மாதிரி ஆயிடுமே."

"நீங்க கேக்கக்கூடாது. எனக்காகப் பொய் சொல்லாதீங்க" என்றார் அந்த அம்மா.

நான் கிண்ணத்தில் இருந்த ரசத்தைத் திரும்பப் பாட்டிலிலேயே ஊற்றி மூடினேன். கை நடுங்காமல் ஊற்றினேன், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

வெளியே வந்ததும் பாஸ்டர், "பெருமை, சுத்தப் பெருமை" என்றார். மாதம் முழுவதும் சபையில் இதே பேச்சாகக் கிடந்தது. சாகப் போகிறவள் கர்த்தருடைய பந்தியை வேண்டாம் என்று சொல்லலாமா என்று ஆளாளுக்குப் பாரம் வந்தது. வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அந்த அம்மாவைச் சுற்றி வளைத்து ஆண்டவரிடம் புகார் சொன்னார்கள். அவர் கட்டிலில் கிடந்ததால் காதில் விழவில்லை, அது ஒன்றுதான் நல்லது. அடுத்த முதல் ஞாயிறும் அவர் எடுக்கவில்லை. அதற்குள் முகம் சுருங்கி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பாஸ்டர் என்னையும் கடைக்காரரையும் கூப்பிட்டு, "அந்தச் சகோதரிக்கு அன்பா புத்தி சொல்லிட்டு வாங்க" என்றார்.

செத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்குப் புத்தி சொல்ல இரண்டு ஆம்பிளைகள் பிஸ்கட் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். இதை எழுதும்போதே எனக்குத் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

போய் உட்கார்ந்தோம். சுகம் விசாரிக்க வாய் வரவில்லை, அதனால் நேரே பாட்டுக்குப் போனோம். சரணம் முடிந்ததும் நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அந்த அம்மா புருஷனிடம், "ஏங்க, அண்ணனுக்கு வெளியில காத்தாட சேர் போடுங்க. டீ வாங்கியாந்து குடுங்க" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். "நீங்க இருங்க பிரதர். உங்களாண்ட ஒண்ணு பேசணும், தனியா" என்றார் அந்த அம்மா. கடைக்காரருக்கு எழுந்துபோக மனமே இல்லை. ஆனாலும் போனார்.

அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். எல்லாம் தனியாகச் சொல் என்ற அந்த முதல் படியில் இருக்கிறபடிதான் நடந்தது, திருத்த வந்தவன்தான் திருத்தப்படுகிறவனாக மாறிப்போனான்.

"ரெண்டு வருஷமா கேக்கணும்னு இருந்தேன் பிரதர். உங்க புள்ளைக்குக் கல்யாணம் ஆயிடுச்சில்ல?"

என் மகனைப் பற்றிச் சபைக்கு நான் சொல்லி வைத்திருந்தது இதுதான்: பெங்களூரில் வேலை, இன்னும் கல்யாணம் கூடி வரவில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "செயலாளர் ஐயா மகனுக்கு ஏற்ற துணை" என்று சபை முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தது. அந்தக் குறிப்பைப் படித்துக் கொடுப்பதும் நான்தான். உண்மையில் அவனுக்குத் திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் இந்து வீட்டுப் பெண். ஐயர் வைத்து மந்திரம் சொல்லி நடந்த கல்யாணம். பெண்ணைப் பெற்றவர்கள் கேட்டுக்கொண்டதற்காக நான் நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டேன், அட்சதையும் போட்டேன். என் மனைவி உயிரோடு இல்லை, கேட்க ஆளும் இல்லை. சபையில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"எங்க அக்கா பொண்ணு திண்டிவனத்துல அந்தக் கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறுற வேலைக்கு வந்திருந்திச்சு. உங்களப் பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லிச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. அவருகிட்டகூடச் சொல்லல."

நான் கணக்குப் போட்டேன். அட்சதை, சந்தனம், இரண்டு வருடப் பொய். இதைக் காட்டி, புருஷன் மேலிருக்கும் நடவடிக்கையை எடுத்துவிடச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சாகும்போதும் என்ன சாமர்த்தியம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இப்ப நான் இன்னா செய்யணும்? உங்க வீட்டுக்காரர் விஷயத்துல பாஸ்டர்கிட்ட பேசணுமா?" என்றேன். என் பதமான குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

அந்த அம்மா இல்லையென்று தலையை ஆட்டினார். "அது வேற பிரதர். அவரு விஷயத்தை அவரு பாத்துப்பாரு. நான் உங்களுக்காகச் சொல்றேன்."

மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பேசினார்.

"அட்சதை போட்டதைச் சொல்லல. புள்ள கல்யாணத்துல பெத்தவன் போடத்தான் செய்வான். அந்தப் பொண்ணை ஒரு தபாகூட வூட்டுக்குக் கூட்டியாரலியே நீங்க. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு ஒளிச்சு வச்சிருக்கீங்க. சபையே வேற பொண்ணு குடுன்னு கர்த்தர்கிட்ட கேட்டுக்கினு இருக்குது. அதுக்குத் தெரிஞ்சா எப்படி இருக்கும், சொல்லுங்க. அந்தப் பாவத்தைப் பண்ணாதீங்க பிரதர்."

கட்டில் ஓரத்தில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டை நான் எடுத்து நேராக வைத்தேன்.

"அது பேரு என்ன? நான் வெள்ளிக்கிழமை மத்தவங்களோட சேர்ந்து அதைக் கேட்டதில்ல. வூட்டுல தனியா 'அந்தப் பொண்ணு, அந்தப் பொண்ணு'ன்னே ஜெபிக்கிறேன். கர்த்தருக்குத் தெரியும், ஆனா எனக்கு ஒரு மாதிரியா இருக்குது."

நான் பெயரைச் சொன்னேன். அந்த அறையில், அந்த ஊரில், என் வாயிலிருந்து அந்தப் பெயர் அன்றுதான் முதல்முறையாக வந்தது. அந்த அம்மா சரியாக வர வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நல்ல பேரு" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார், களைப்பாக இருந்திருக்கும்.

அன்போடும் தாழ்மையோடும் திருத்துவது என்று நாங்கள் இத்தனை வருடம் பிரசங்கம் கேட்டோமே, அது அன்றைக்கு எனக்கு நடந்தது. அதை நான் எப்படி வாங்கிக்கொண்டேன் தெரியுமா? வெறுத்தேன். எழுந்து வெளியே வந்து கடைக்காரரோடு டீ குடித்தேன். "இன்னா சொன்னாங்க?" என்று துளைத்தார். "மனசு இளகி வருது" என்று பொய் சொன்னேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம், மிரட்டியிருந்தால் பேரம் பேசலாம். ஒன்றும் வேண்டாம் என்று பெயரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டவளை என்ன செய்வது? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் கொதித்தது.

அந்த வாரம் பாஸ்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். எனக்கு ஆச்சரியமாக, அவரே கொஞ்சம் இறங்கி வந்தார். "சகோதரி நிலைமை சரியில்ல. கை நடுங்கிச்சுன்னுதானே அவர் சொல்றாரு? விட்டுடலாமா? நீங்க ரெண்டு பேரும் சரின்னு சொன்னா இந்த ஞாயித்துக்கிழமையே குடுத்துடலாம்" என்றார். கடைக்காரர், "செயலாளர் ஐயா என்ன சொல்றாரோ அதான்" என்று என் பக்கம் திரும்பினார்.

என் ஒரு வார்த்தைதான் பாக்கி. சரி என்றால் போதும், ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா ஆசைப்பட்டபடி இரண்டு கிண்ணத்தில் ஊற்றியிருக்கலாம். ஆனால் அந்த அறையில் அரை மணி நேரம் தனியாக இருந்துவிட்டு வந்தவன் திடீரென்று அவர்கள் பக்கம் பேசினால் ஏன் என்று யோசிப்பார்களே என்று எனக்குப் பயம். பயம் பாதி, வன்மம் பாதி. என்னைத் தெரிந்து வைத்திருக்கிற ஒருத்திக்கு என் கையால் நல்லது நடக்க வேண்டாம் என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது.

"ஒழுங்கு எல்லாருக்கும் ஒண்ணுதானே பாஸ்டர்" என்றேன், தேன் குரலில். "இன்னும் ஒரு மாசம் பொறுப்போம். அடுத்த திருவிருந்துக்குள்ள கர்த்தர் கிரியை செய்வாரு."

கடைக்காரர் "ஆமென்" என்றார்.

அடுத்த திருவிருந்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்த அம்மா இறந்துபோனார்.

அடக்க ஆராதனையைச் சபை பிரமாதமாக நடத்தியது. கடைக்காரர் ஷாமியானா போட்டு, பெட்டிமேல் விழுந்து அழுதார். பாஸ்டர், விசுவாசத்தில் கடைசிவரை உறுதியாக நின்ற சகோதரி என்று பேசினார். இரண்டு மாதமாகப் பெருமைக்காரி என்று சொன்ன அதே வாய். இரங்கல் குறிப்பை எழுதி வாசித்தது நான். "சபைக்கு முன்மாதிரி" என்று எழுதியிருந்தேன், நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புருஷன் மட்டும் ஒழுங்கு நடவடிக்கையில் இருப்பவர் என்பதால் குடும்பத்தார் வரிசையில் நில்லாமல் ஓரமாக நின்றார். அப்படி நிற்கும்படி யாரும் சொல்லவில்லை, அவராகவே நின்றார். வாருங்கள் முன்னால் என்று கூப்பிட எங்களில் ஒருவருக்கும் பாரம் வரவில்லை.

பத்து நாள் கழித்து ஆறுதல் சொல்லப் போனேன், தனியாகத்தான். கையில் வழக்கம்போல் பிஸ்கட் பாக்கெட். ஆறுதல் என்பது சாக்கு. சாவதற்கு முன்னால் அவள் இவரிடம் எதையாவது சொல்லிவிட்டாளா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

அவர் அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்து, பக்கெட் தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தார். எழுந்து எனக்கு சேர் போட்டார். பொதுவாகக் கொஞ்சம் பேசிவிட்டு, "சிஸ்டர் கடைசியா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"கடைசி ரெண்டு மூணு நாள் பேச்சே இல்ல பிரதர். ஜெபம் மட்டும் வாய்க்குள்ள ஓடிக்கினு இருந்துச்சு. என் பேரு வரும், எங்க அண்ணன் புள்ளைங்க பேரு வரும். நடுவுல ஒரு பொண்ணு பேரு." அவர் அந்தப் பெயரைச் சொன்னார். என் மருமகளின் பெயர். "எங்க சொந்தத்துல அப்படி யாரும் இல்ல. யாருன்னு கேட்டேன், சிரிச்சா, சொல்லல. சபையில அந்தப் பேருல யாராவது இருக்காங்களா பிரதர்? உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும்."

"இல்லியே, அப்படி யாரையும் எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் நம்பினார். நான் சொல்வதை நம்பாமல் இருக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

"சரி, யாரா இருந்தா என்ன. அவ விட்டதை நான் விடக் கூடாதில்ல? நானும் தினம் அந்தப் பேரைச் சொல்லிக்கினு இருக்கேன்" என்றார். "அந்தப் பொண்ணுக்கு என்ன கஷ்டம்னுதான் தெரியல பிரதர். கூட யாராவது பெரியவங்க இருக்காங்களா, இல்ல தனியா கிடக்குதோ, என்னவோ."

நான் பிஸ்கட் பாக்கெட்டை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, ஜெபம் பண்ணலாமா என்று கேட்டேன்.